கோக்கா இலையும் வெள்ளைப் பொடியும்

ஐக்கிய நாடுகள் சபையின் 1961ஆம் ஆண்டு போதைப்பொருள் ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் வியப்பு வரும். கோக்கா இலை மெல்லும் பழக்கம் எங்கே இருந்தாலும், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 25 ஆண்டுகளுக்குள் அதை ஒழித்துவிட வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. அதே இலையிலிருந்து சுவையூட்டி தயாரித்துக்கொள்ளலாம், அதில் கோக்கைன் போன்ற ஆல்கலாய்டு இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறது 27ஆம் பிரிவு. இலையை மெல்லுகிறவர்கள் பெருவிலும் பொலிவியாவிலும் ஆண்டிஸ் மலைத்தொடரின் உயரமான சரிவுகளில் உருளைக்கிழங்கு பயிரிடும் உழவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள். சுவையூட்டி யாருக்குத் தேவைப்பட்டது என்பதும் ரகசியமல்ல. நியூஜெர்சி மாநிலத்தின் மேவுட் என்ற ஊரில் உள்ள ஆலையில் இலையிலிருந்து கோக்கைனைப் பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சிய சாற்றைக் கோக்கா கோலாவுக்கு அனுப்புகிறார்கள் என்பது பல காலமாகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கும் செய்தி. ஒரே இலை, ஒரே ஒப்பந்தம், இரண்டு நீதி. வல்லரசு அரசியல் என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம், பெரும்பகுதி அதுதான். ஆனால் அந்த அரசியலுக்கு அறிவியல் போர்வை போர்த்த உதவிய பிழை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

மனத்தை மாற்றும் செடி ஒன்றையாவது கையாளாத சமூகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வழிபாட்டில் கண் அயராமலிருக்கக் காப்பி குடித்தார்கள். பசிபிக் தீவுகளில் விருந்தினரை வரவேற்கவும் பஞ்சாயத்துப் பேசவும் கவா வேரை இடித்துக் கலக்குகிறார்கள். அமேசான் காட்டில் அயவாஸ்கா, வட அமெரிக்கப் பாலைநிலத்தில் பெயோட்டே கள்ளி, மெக்சிகோவின் ஓஹாகா மலைகளில் காளான் (காளான் தாவரமே அல்ல என்று தாவரவியலார் கோபிக்கலாம், அதை உண்கிற மக்கள் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை). இவற்றைப் பற்றி இன்று புழங்கும் பேச்சு இரண்டு வகை. ஒன்று, இவையெல்லாம் நஞ்சு, காட்டுமிராண்டிக் காலத்தின் மிச்சம் என்பது. மற்றொன்று, இவைதான் மனித அறிவையே திறந்துவிட்டன என்பது. டெரன்ஸ் மெக்கென்னா என்ற அமெரிக்கர் 1992இல் வெளியிட்ட நூலில், நம் மூதாதையர் காளான் தின்றதால்தான் மொழியும் தன்னுணர்வும் பிறந்தன என்றே வாதிட்டார். அதற்குத் தொல்லியல் சான்று எதுவும் கிடையாது. இணையத்தில் மட்டும் அந்த வாதம் இன்னும் செழிப்பாக வாழ்கிறது. எதிரெதிராகத் தோன்றும் இந்த இரு தரப்பும் உண்மையில் ஒன்றையேதான் நம்புகின்றன: செடிக்குள் இருக்கும் வேதிப்பொருள்தான் எல்லாவற்றையும் செய்கிறது, மனிதர் வெறும் பாத்திரம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. எந்த வடிவத்தில், எவ்வளவு, யார் கையால், எந்த வேளையில், எதற்காக எடுக்கிறோம் என்பதும் வேதிப்பொருளுக்குச் சமமாக விளைவைத் தீர்மானிக்கிறது. இந்த ஏற்பாட்டைத்தான் பண்பாடு என்கிறோம். அது கலைக்கப்பட்ட இடங்களில்தான் பெரும் சேதங்கள் நடந்திருக்கின்றன.

கோக்காவையே எடுத்துக்கொள்வோம். பெருவின் வடக்கில் உள்ள நான்சோக் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுத் தளங்களில், மெல்லப்பட்ட கோக்கா இலைத் துணுக்குகளும் அருகிலேயே சுண்ணாம்பும் கிடைத்திருக்கின்றன. இலையைத் தனியாக மென்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது. சாம்பல் அல்லது சுண்ணாம்பைச் சேர்த்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் எச்சிலில் காரம் கூடி, சாறு மெல்ல இறங்கும். வெற்றிலை போடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு இல்லாத வெற்றிலைபோலத்தான் சாம்பல் இல்லாத கோக்காவும். இலையில் கோக்கைன் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்குள்தான். அது வாயின் சளிச்சவ்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேர்கிறது. பசி மட்டுப்படும், களைப்பு தெரியாது, உயரத்தில் வரும் தலைச்சுற்றல் தணியும். பொலிவியாவின் லா பாஸ் நகரில் இறங்கும் வெளியூர்க்காரருக்கு விடுதியில் முதலில் கொடுப்பது கோக்கா இலைக் கஷாயத்தைத்தான். கிச்சுவா பேசும் உழவர்கள் அதை வாயில் போட்டுக்கொள்ளும் முறையைக் கவனிக்க வேண்டும். பையிலிருந்து கிழியாத, பழுக்காத, நல்ல இலைகளாக மூன்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விரல் நுனியில் வாய்க்கு நேரே பிடிக்கிறார்கள். நிலத்தாயையும் சுற்றியுள்ள மலைகளையும் பெயர் சொல்லி அழைத்து, இலைகள்மீது மெல்ல ஊதுகிறார்கள். பிறகு அதைத் தாங்கள் மெல்லாமல் எதிரில் இருப்பவருக்கு நீட்டுகிறார்கள். அவர் தன் பையிலிருந்து இன்னொரு மூன்று இலையைத் திருப்பித் தருகிறார். வேலைக்கு நடுவே உட்காரும்போதும் பெண் கேட்கப் போகும்போதும் இழவு வீட்டிலும் இந்தக் கைமாற்று இல்லாமல் பேச்சு தொடங்குவதில்லை. இலை தருகிறவனை மறுப்பது அவனோடு உறவை மறுப்பதற்குச் சமம். இத்தனை நடைமுறைக்கு நடுவே ஒருவன் தனியாக உட்கார்ந்து இலையில் மூழ்கிப்போவதற்கு இடமே இல்லை.

இதைச் சொன்னதும் ஓர் ஆட்சேபம் எழும்: பழங்குடி வாழ்க்கையைப் பூசி மெழுகி அழகு காட்டுகிறீர்கள், அதே ஆண்டிஸில் கோக்கா மனிதரைச் சுரண்டவும் பயன்பட்டிருக்கிறதே என்று. உண்மைதான். அந்த வரலாறு இந்த வாதத்துக்கே வலு சேர்க்கிறது. ஸ்பானியர் வந்த பிறகு லிமாவில் கூடிய திருச்சபை மன்றங்கள் கோக்காவைச் சாத்தானின் இலை என்று கண்டித்தன. ஆனால் 1545இல் பொட்டோசியில் கண்டுபிடிக்கப்பட்ட வெள்ளி மலை வேறு கணக்குப் போட்டது. கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட மலைவாழ் மக்கள் அரைவயிற்றோடு சுரங்கத்தில் நாள்முழுக்க உழைக்க வேண்டுமானால் இலை வேண்டும் என்பதைக் காலனி அதிகாரம் கண்டுகொண்டது. தடை பேச்சோடு நின்றது, தோட்டங்கள் பெருகின, வணிகர்கள் மலைமேல் இலை மூட்டைகளை ஏற்றிப் பணம் பார்த்தார்கள், திருச்சபையும் அதில் வரும் தசமபாகத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. உறவைப் பேணக் கைமாறிய இலை, சோற்றுக்குப் பதிலாக எண்ணிக் கொடுக்கும் பொருளானது. வேதியியல் மாறவில்லை. யார் கொடுக்கிறார், எதற்குக் கொடுக்கிறார் என்பது மாறியது. கொடுமை அங்கேதான் நுழைந்தது. (2015இல் போப் பிரான்சிஸ் பொலிவியாவுக்குப் பறந்தபோது விமானத்தில் கோக்கா கலந்த தேநீர் குடித்தார் என்ற செய்தி வந்தது. லிமா மன்றத்துப் பாதிரிகளுக்கு அது எட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.)

இரண்டாவது சிதைவு ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தில் நடந்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் நீமன் 1860ஐ ஒட்டி இலையிலிருந்து கோக்கைனைத் தூய படிகமாகப் பிரித்தார். அடுத்த கால் நூற்றாண்டில் நடந்தவை வேகமானவை. பாரிசில் ஏஞ்செலோ மரியானி இலையைத் திராட்சை மதுவில் ஊறவைத்து விற்றுப் பெரும்பணம் சேர்த்தார். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர், கண் அறுவைக்கு மரத்துப்போகச் செய்யும் மருந்தாகக் கோக்கைனைக் கண்டறிந்தார். இது மனிதகுலத்துக்குக் கிடைத்த உண்மையான கொடை, அதை மறுக்கக் கூடாது. அதே ஆண்டு, அதே ஊரில், அப்போது புகழ்பெறாத இளம் மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் கோக்கைனைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார். மார்ஃபின் பழக்கத்திலிருந்து விடுவிக்க அதைத் தன் நண்பர் ஃபிளைஷ்லுக்குக் கொடுத்தார். நண்பர் இரண்டுக்கும் அடிமையானார். 1886இல் அட்லாண்டாவில் பிறந்த கோக்கா கோலாவில் கோக்கா இலைச் சாறு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோக்கைனை நீக்கினார்கள். 1914இல் அமெரிக்கா ஹாரிசன் சட்டத்தால் கோக்கைனைக் கட்டுப்படுத்தியது. ஆண்டிஸ் மக்கள் எட்டாயிரம் ஆண்டு கையாண்ட ஒரு செடியை வெளியுலகம் வாங்கிய அரை நூற்றாண்டுக்குள் அது மருத்துவச் சிக்கலாகவும் காவல்துறைச் சிக்கலாகவும் ஆகிவிட்டது. இடையில் என்ன மாறியது? இலையின் ஒரு பங்கு நூறாக அடர்ந்தது. வாயில் ஒரு மணி நேரம் ஊறியது, ஊசியிலும் மூக்கிலும் சில நொடிகளில் மூளைக்கு ஏறியது. மூன்று இலையை நீட்டும் கை காணாமல் போனது.

1949இல் ஐ.நா. ஒரு விசாரணைக் குழுவைப் பெருவுக்கும் பொலிவியாவுக்கும் அனுப்பியது. கோக்கா மெல்வது தீங்கு, அதைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று 1950இல் அது அறிக்கை தந்தது. மெல்லுகிறவர்கள் மெலிந்திருக்கிறார்கள், படிக்கவில்லை, ஏழைகளாக இருக்கிறார்கள் என்பவையெல்லாம் இலையின் குற்றப்பட்டியலில் சேர்ந்தன. பண்ணையாருக்குக் கொத்தடிமையாக இருப்பவன் மெலிந்திருப்பதற்கு வேறு காரணமும் இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அந்த அறிக்கையில் இடம் போதவில்லை. கட்டுப்படுத்த வேண்டிய பொருள்களைப் பட்டியலிடும் 1961 ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் கோக்கைனும் கோக்கா இலையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. பொலிவியா இதை ஒரு நாடாக எதிர்த்தது. கோக்கா விவசாயிகள் சங்கத் தலைவராக இருந்து குடியரசுத் தலைவரான எவோ மொராலெஸ், 2009இல் வியன்னாவில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையக் கூட்டத்தில் ஓர் இலையை உயர்த்திக் காட்டி எல்லார் முன்னிலையிலும் மென்றார். அதே ஆண்டு வந்த புதிய அரசியல் சாசனம் கோக்காவைப் பண்பாட்டுச் சொத்தாகக் காத்தது. 2011இல் பொலிவியா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, மெல்லும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு 2013இல் மீண்டும் சேர்ந்தது. பதினைந்து நாடுகள் ஆட்சேபித்தன. அதைத் தடுக்க உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. 2017இல் பொலிவியா 22,000 ஹெக்டேரில் கோக்கா பயிரிடச் சட்டப்படி அனுமதித்தது. அந்த விளைச்சல் முழுவதும் மெல்லத்தான் போகிறது என்று நம்புவதற்கு நாம் குழந்தைகள் அல்ல. ஒரு பகுதி கடத்தல்காரர் கைக்குப் போகிறது. ஆனால் இலைச் சந்தையை அரசு கண்காணிக்கும் நாட்டில் அந்தக் கசிவை அளக்கவாவது முடியும்.

கோக்கா மென்மையான செடி, அதனால் இந்த வாதம் எளிதாக நிற்கிறது என்று சொல்லலாம். ஆகவே கடுமையான ஒன்றைப் பார்ப்போம். டெக்சாஸிலும் வட மெக்சிகோவிலும் வளரும் பெயோட்டே கள்ளியில் மெஸ்கலின் இருக்கிறது; ஜெர்மானிய வேதியியலாளர் ஆர்தர் ஹெஃப்டர் 1897இல் அதைத் தானே உட்கொண்டு உறுதி செய்தார். காட்சிகளையும் குரல்களையும் எழுப்பக்கூடிய பொருள். மானிடவியலாளர் ஆந்தனி வாலஸ் 1959இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவச் சோதனையில் மெஸ்கலின் எடுத்துக்கொண்ட வெள்ளையரின் பதிவுகளையும் சடங்கில் பெயோட்டே உண்ட அமெரிக்கப் பழங்குடியினரின் பதிவுகளையும் ஒப்பிட்டார். வெள்ளையரிடம் திடீர் மகிழ்ச்சி, திடீர்ச் சோர்வு, பிறர்மேல் சந்தேகம், கூச்சம் விட்டுப்போன நடத்தை. பழங்குடியினரிடம் அடக்கம், பயபக்தி, உடல்நோய் தணிந்த நிம்மதி. நடத்தை கடைசிவரை ஒழுங்காக இருந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உள்ளங்கள் இரண்டு விதமாக விடை சொன்னதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று குறைவு. 2005இல் ஜான் ஹால்பெர்ன் தலைமையில் நடந்த ஆய்வு, சடங்கில் ஒழுங்காகப் பெயோட்டே உண்டுவந்த நவஹோ இனத்தவர் 61 பேரைச் சோதித்தது. அதை உண்ணாத அதே இனத்தவரோடு ஒப்பிட்டபோது அவர்களிடம் மனநலக் குறைவோ அறிவுத்திறன் குறைவோ தென்படவில்லை. முன்பு மதுவுக்கு அடிமையாக இருந்தவர்களிடம்தான் குறைகள் தெரிந்தன.

அந்தச் சடங்கு நடக்கும் விதத்தை அறிந்தால் வியப்பு குறையும். மாலையில் கூடாரத்துக்குள் நுழைந்தால் விடியும்வரை வெளியேறுவது எளிதல்ல. நடுவில் நெருப்பு, அதை இரவெல்லாம் அணையாமல் காக்க ஒருவர். பிறை வடிவத்தில் குவித்த மண்மேடு, அதன் உச்சியில் ஒரு பெயோட்டே. வழிநடத்துபவர் ஒருவர், மேளத்துக்கு ஒருவர். மேளத்துக்குள் தண்ணீர் இருக்கும். ஆளுக்கு நான்கு பாட்டு, பிறகு அடுத்தவர். நள்ளிரவில் தண்ணீர், விடியலில் மறுபடி தண்ணீர், அதோடு சோளமும் இறைச்சியும் பழமும் கொண்ட காலை உணவு. நோயாளிக்காகவோ பிரிந்த மகனுக்காகவோ கூட்டம் கூட்டப்பட்டிருக்கும். எல்லாருடைய கவனமும் அந்த ஒரு காரியத்தில். மது அறவே கூடாது. இங்கே இன்னொரு ஆட்சேபத்துக்கும் விடை இருக்கிறது. இத்தகைய கட்டுப்பாடுகள் ஆயிரமாண்டு மரபில் ஊறிய சிறு சமூகங்களுக்குத்தான் சாத்தியம், நவீன வாழ்க்கையில் தடை ஒன்றே வழி என்பார்கள். ஆனால் இந்தச் சடங்கு இன்றைய வடிவில் அவ்வளவு பழையதல்ல. போரில் தோற்று, நிலத்தை இழந்து, ஒதுக்கப்பட்ட இடங்களில் அடைக்கப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கொமாஞ்சே தலைவர் குவானா பார்க்கர் போன்றோர் வழியாக அது பரவியது. 1918இல் ஒக்லஹோமாவில் முறைப்படிப் பதிவு பெற்ற சபையானது. கிறித்தவ வேண்டுதலையும் பழைய மேளத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். அதாவது, வரம்பைப் புதிதாகவும் உருவாக்க முடியும். உருவாக்கியவர்கள் வசதியான மக்களல்ல, எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள். நம் காப்பியும் அப்படித்தான். 1511இல் மெக்காவில் அதற்குத் தடை விதித்தார்கள். தமிழகத்தில் அது நுழைந்தபோது, உடலையும் குடும்பத்தையும் கெடுக்க வந்த பானம் என்று எழுந்த கூச்சலை ஆ.இரா. வேங்கடாசலபதி தன் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். டம்ளர், டபரா, காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று நாம் அதை வீட்டுப் பழக்கமாக்கிக்கொண்டோம். யாரும் கஃபீன் வில்லையை விழுங்குவதில்லை.

எதிர்த்திசைக் கதை ஓஹாகா மலைகளில் உள்ள வாவுத்லா என்ற ஊரில் நடந்தது. மசாத்தெக் இனத்தவரான மரியா சபினா அங்கே குணப்படுத்தும் மூதாட்டி. நோயாளி வந்து கேட்டால், இரவில், பீடத்துக்கு முன் மெழுகுவத்தி அணைத்து, காளானைத் தானும் உண்டு நோயாளிக்கும் கொடுத்து விடியவிடியப் பாடுவார். நோய் இல்லாமல் காளான் இல்லை. நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன் 1955இல் அந்த இரவில் இடம்பெற்று, 1957 மே மாதம் லைஃப் இதழில் படங்களோடு எழுதினார். அடுத்த ஆண்டே ஸ்விட்சர்லாந்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து அதன் வேதிப்பொருளான சைலோசைபினைப் பிரித்தார். அறுபதுகளில் மலையேறி வந்த இளைஞர்கள் நோயைக் கொண்டுவரவில்லை, கடவுளைப் பார்க்க வேண்டும் என்று வந்தார்கள். பட்டப்பகலில் தெருவில் காளான் தின்று திரிந்தார்கள். போலீஸ் வந்தது, ராணுவம் வந்தது. ஊர் மரியா சபினாமேல் பழிபோட்டது. அவர் வீடு எரிக்கப்பட்டது. அந்நியர் வந்த பிறகு காளானின் சக்தி போய்விட்டது என்று வருந்தியபடி 1985இல் ஏழையாகவே இறந்தார். இதன் சின்ன நகல் கொடைக்கானலில் நடந்துகொண்டிருக்கிறது. மலைச்சரிவில் முளைக்கும் காளானைத் தேன் பாட்டிலில் போட்டு விற்றதாகக் கைது என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. வாங்குபவர் வார இறுதிக்கு வந்த கல்லூரி மாணவர். எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை, பயந்து நடுங்கினால் பக்கத்தில் இருக்கப் பெரியவர் இல்லை, பள்ளத்தாக்கு மட்டும் பக்கத்தில் இருக்கிறது. மசாத்தெக் மக்களின் பழக்கத்தை ஆதரித்துப் பேசும் நான் இந்த வியாபாரத்தை ஆதரிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

மருத்துவர்கள் எழுப்பும் ஆட்சேபம் இன்னும் கனமானது. அடர்ந்த வேதிப்பொருள் மூளையைப் பிடித்துக்கொண்ட பிறகு சடங்கும் பண்பாடும் என்ன செய்யும் என்பார்கள். அடர்த்தி முக்கியம் என்பதை முன்பே ஒப்புக்கொண்டோம். ஹெராயினைச் சுற்றிப் பாட்டுப் பாடினால் அது பால் ஆகிவிடாது. ஆனால் ஹெராயினிலும்கூடச் சூழலின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது. வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் லீ ராபின்ஸ். அங்கே ஐந்தில் ஒருவர் அடிமையாக இருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான். போர்முனை, பயம், மலிவாகக் கிடைத்த சரக்கு, பழகிய கூட்டாளிகள் என்ற மொத்தமும் கழன்றபோது பழக்கமும் கழன்றது. அப்போது பலர் அந்தக் கணக்கை நம்ப மறுத்தார்கள். ஹெராயினுக்கே இப்படியென்றால் இலைக்கும் கள்ளிக்கும் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு ஆட்சேபத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை, அது நியாயமானது. பண்பாடு மனத்தைக் காக்கலாம், உடலைக் காக்கும் என்று சொல்ல முடியாது. சான்று நம் வெற்றிலைத் தட்டிலேயே இருக்கிறது. பாக்கில் உள்ள அரிக்கோலின் மூளையைத் தொடும் பொருள்தான். தாம்பூலம் இல்லாமல் நிச்சயதார்த்தம் இல்லை. ஆனாலும் பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேராவிட்டாலும் அப்படித்தான். வாய்ப்புற்று வார்டில் இருப்பவரிடம் போய் மரபின் பெருமையைச் சொல்வது கொடூரம். ஆக, மரபு மருத்துவச் சான்றிதழ் ஆகாது. எனினும் விருந்து முடிந்து ஒரு முறை போடும் தாம்பூலத்துக்கும், பேருந்து நிலையத்தில் நாளுக்குப் பத்துப் பொட்டலம் கிழித்துக் கொட்டிக்கொள்ளும் குட்காவுக்கும் உள்ள தூரத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். பொட்டலம் வந்ததும் வேளையும் போயிற்று, தட்டும் போயிற்று, கொடுக்கும் கையும் போயிற்று. புகையிலையின் உலகக் கதையும் இதுவே. அமெரிக்கப் பழங்குடிகளுக்கு அது சமாதானம் பேசும்போதும் வேண்டுதலின்போதும் புகைக்கும் பொருள். 1880களில் வந்த சிகரெட் எந்திரம் அதை எல்லா நிமிடத்துக்கும் உரியதாக்கியது. இன்று ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் இறக்கிறார்கள். ஆகவே தடையை எடுத்துவிட்டுச் சந்தையிடம் ஒப்படைத்துவிடலாம் என்று சொல்பவர்களோடும் நான் சேர முடியாது. கம்பெனியும் கடத்தல்காரனும் செடியிலிருந்து உரித்துப்போடுவது ஒன்றையேதான். அமெரிக்க நகரங்கள் சில காட்சி தரும் செடிகளின் மீதான தண்டனையைத் தளர்த்தியபோது, பெயோட்டேவை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று பழங்குடிச் சபையினரே கேட்டுக்கொண்டார்கள். ஒரு கள்ளி முதிரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும், இருப்பதோ கொஞ்சம்.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பிரிட்டிஷ் அரசு 1893இல் அமைத்த கஞ்சா போதைப்பொருள் ஆணையம், நாடு முழுவதும் 1,193 சாட்சிகளை விசாரித்தது. கஞ்சாவால் பைத்தியம் பிடிக்கிறது என்று அதுவரை சொல்லிவந்ததற்கு ஆதாரம் மனநோய் விடுதிப் பதிவேடுகள். ஆணையம் அந்தப் பதிவேடுகளைப் பிரித்து ஆராய்ந்தபோது, நோயின் காரணம் என்ற கட்டத்தில் விசாரணை எதுவும் இல்லாமல் வழக்கப்படி கஞ்சா என்று நிரப்பி வந்திருப்பது தெரிந்தது. கஞ்சா இலையால் செய்யும் பாங்கு வடநாட்டில் சமய வழக்கங்களோடு பின்னியது, மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, அடியோடு தடை செய்யத் தேவையில்லை, வரி விதித்துக் கட்டுப்படுத்துங்கள் என்று 1894இல் அறிக்கை தந்தது. காலனி அரசின் கலால் வருமானக் கணக்கு அதில் இல்லாமலில்லை. ஆனாலும் விசாரணை நேர்மையானது. நம் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அந்த நுணுக்கத்தில் ஒரு துளியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கஞ்சா என்றால் செடியின் பூக்கும் நுனி. நுனி சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. அதனால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இருக்கின்றன. அபினிச் செடியின் விதையான கசகசாவை நாம் குருமாவில் அரைத்து ஊற்றுகிறோம். வளைகுடாவுக்குப் புறப்படுபவரின் பெட்டியில் அதே கசகசா இருந்தால் சிறைக்குப் போக நேரும். செடி ஒன்று, பகுதிகள் வேறு, பயன் வேறு என்று நம் சமையலறைக்குத் தெரிந்தது அங்கே சட்டத்துக்குத் தெரியவில்லை.

இலையிலிருந்து கோக்கைன் எடுக்க முடியும், ஆகவே இலையும் கோக்கைன்தான் என்பது 1961 ஒப்பந்தத்தை இன்றும் தாங்குபவர்களின் கடைசி வாதம். அந்த வாதத்தின்படி கஞ்சாச் செடியின் இலையை நாம் விலக்கி வைத்ததும் தவறு; சுவையூட்டிக்காக 27ஆம் பிரிவு எழுதப்பட்டதும் தவறு. பிரித்தெடுக்கும் தொழிற்கூடத்தையும் அதற்கான ரசாயனங்களையும் பொடியையும் தண்டிக்கச் சட்டம் இருக்கும்போது, மூன்று இலையைக் கைமாற்றும் உழவரை அதே அட்டவணையில் வைத்திருக்க வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. கோக்கைன் முதல் அட்டவணையிலேயே இருக்கட்டும், இலையை அதிலிருந்து எடுக்க வேண்டும். 2020 டிசம்பரில் கஞ்சாவை ஆபத்து மிகுந்த நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கும் தீர்மானம் வியன்னாவில் 27க்கு 25 என்ற கணக்கில் நிறைவேறியபோது, இந்தியா ஆதரித்து வாக்களித்தது. கோக்கா இலைக்கும் அதே வாக்கை இந்தியா அளிக்க வேண்டும்.